அயலார் அடுக்களை: ஜெர்மானியர் வீட்டு ஷ்னிட்ஸல்



‘கட்லெட்’ என்னும் சொல்லைக் கேட்டவுடன் நம்மவர்க்கு நினைவில் எழுவது இரயில் பயணமே. மசித்த உருளைக்கிழங்கைத் தட்டி, ரொட்டித் தூளில் புரட்டிப் பொரித்து, இரண்டு துண்டு ரொட்டியுடன் காகிதத் தட்டில் வைத்துத் தருவார்களே, அதனை உண்ணாமல் நெடுந்தூரம் பயணம் செய்தவர் நம்மில் மிகச் சிலரே இருப்பர். இரயில்வேயில் எழுத்தர் பணி செய்து வயிறு வளர்க்கும் எனக்கு அதன்பால் தனிப் பற்று உண்டு. அந்தக் கட்லெட்டுக்கு ஜெர்மனி தேசத்தில் ஒரு தூரத்து உறவினர் இருக்கிறார். ‘ஷ்னிட்ஸல்’ என்பது அவர் பெயர். மெல்லியதாகத் தட்டிய இறைச்சித் துண்டை மாவு, முட்டை, ரொட்டித் தூள் என மூன்று போர்வைகளில் போர்த்திப் பொன்னிறமாகப் பொரித்தெடுப்பதே ஷ்னிட்ஸல். இம்மாதம் அவரை நம் அடுக்களைக்கு அழைக்கலாம் என்று எண்ணுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஜெர்மானியர் இல்லங்களில் இதற்குப் பெரும்பாலும் எடுத்துக்கொள்வது பன்றி இறைச்சி. சமயத்தாலோ குல வழக்கத்தாலோ மனம் ஒவ்வாமையாலோ அதனை விலக்குவோர் நம் சங்கத்துக் குடும்பங்களில் பலர். என் இல்லத்திலும் ஆட்டிறைச்சியும் மீனும் புழங்குமே அன்றி, இது புழங்கியதில்லை. அன்னவர் பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. கோழியின் நெஞ்சுக்கறியைக் கொண்டும், வான்கோழியைக் கொண்டும் இதே முறையில் செய்வது ஜெர்மனியில் நாள்தோறும் நடப்பது. புலால் உண்ணாதார் செலரிக் கிழங்கை வேகவைத்து வட்டமாக நறுக்கி இவ்வாறே பொரித்து உண்கின்றனர். நம் ஊரில் பனீர்த் துண்டுக்கும் சேனைக்கிழங்குக்கும் இம்முறை நன்றாகவே பொருந்தும். பொருள் எதுவாயினும் கைப்பக்குவம் ஒன்றே.

இனி, இந்த அயல்நாட்டுப் பண்டம் என் கைக்கு வந்த வரலாறு.

நான் பணி செய்யும் ரூர்கேலா நகரம் ஒடிசா மாநிலத்தில் உள்ளது. இங்குள்ள உருக்காலை மேற்கு ஜெர்மனியின் ஒத்துழைப்போடு எழுந்தது என்பதும், அதன் முதல் ஊதுலையை 1959ஆம் ஆண்டு பிப்ரவரி 3ஆம் நாள் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் தொடங்கி வைத்தார் என்பதும் நேயர்களிற் பலர் அறிந்ததே. ஆலை கட்ட வந்த ஜெர்மானியர் எப்போதோ தம் நாடு திரும்பிவிட்டனர். ஆயினும் இப்பகுதிக்கும் ஜெர்மனிக்கும் உள்ள தொடர்பு அதனினும் பழையது. பெர்லின் நகரத்து காஸ்னர் சபையின் குருமார் நால்வர் ராஞ்சிக்கு வந்து சேர்ந்தது 1845இல். அவர்கள் வழி கிறிஸ்தவரான ஒராவோன், முண்டா பழங்குடி மக்கள் இவ்வட்டாரமெங்கும் வாழ்கின்றனர். ஒராவோன் மக்களின் குடுக் மொழி நம் தமிழைப் போலவே திராவிடக் குடும்பத்தைச் சேர்ந்தது. எண்ணூறு கல்லுக்கு அப்பால் வந்து பிழைக்கும் நமக்கு, மொழி வழியில் உறவினர் பக்கத்து வீட்டிலேயே இருக்கின்றனர் என்பது சிறிய ஆறுதல் அன்று.

என் பக்கத்து வீட்டுப் பெரியவரும் அந்த ஒராவோன் இனத்தவரே. தண்டவாளப் பராமரிப்புப் பகுதியில் உழைத்து ஓய்வு பெற்றவர். அவரை நான் ‘சாச்சா’ என்று அழைப்பேன். நம் வழக்கில் சித்தப்பா. அவர் மகள் என்னைப் ‘பையா’ என்பாள்; அதாவது அண்ணன். என் இரண்டாவது குழந்தை பிறந்த சமயம், மனைவி மருத்துவமனையில், தாயார் இன்னும் ஊரிலிருந்து வந்து சேரவில்லை. அந்தப் பதினொரு நாளும் எனக்கும் மூத்த மகனுக்கும் சோறு வந்தது சாச்சாவின் வீட்டிலிருந்துதான். நாங்கள் உண்ணாததை அறிந்து, எங்களுக்கென்று தனிப் பானையில் பருப்பும் கீரையும் ஆக்கினார்கள். அக்கடனைத் திருப்பும் வழி எனக்கு நெடுநாள் தெரியவில்லை.

அப்பெண் செவிலியர் படிப்பு முடித்து, ஜெர்மன் மொழியும் கற்றுத் தேறி, இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்நாட்டின் தென்பகுதி நகரம் ஒன்றில் வேலைக்குச் சென்றாள். தாய் முன்னரே இல்லை. சாச்சா தனியரானார். சென்ற கார்த்திகை மாதத்தில் ஒரு மாலை, திண்ணையில் அமர்ந்திருந்தவர் என்னிடம், “ஞாயிற்றுக்கிழமைதோறும் ஷ்னிட்ஸல் தின்கிறேன் என்கிறாள். அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியவில்லை. மகள் என்ன தின்கிறாள் என்பதுகூடத் தெரியாமல் ஒருவன் இருக்கலாமா?” என்றார். அவ்வளவுதான். வேறொன்றும் கேட்கவில்லை. ஆனால் எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. கிறிஸ்துமஸ் நாளன்று அவருக்கு அதனைச் செய்து கொடுப்பது என்று தீர்மானித்துக்கொண்டேன்.

தீர்மானம் எளிது, என் தாயாரிடம் சொல்வதுதான் கடினம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்து எங்களோடு இருக்கும் அவர், பக்கத்து வீட்டில் அந்த இறைச்சி வேகும் நாட்களில் எங்கள் சன்னலைச் சாத்திவிடுவார். அன்பாகப் பேசுவார், ஆனால் அவ்வீட்டில் ஒரு வாய்த் தண்ணீரும் பருகியதில்லை. நான் தயங்கித் தயங்கிச் சொன்னதைக் கேட்டுச் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, “பதினொரு நாள் உனக்குச் சோறு போட்ட கை ஐயா அது. கொல்லைப்புறத்தில் அடுப்பை வைத்துக்கொள். என் பாத்திரத்தைத் தொடாதே” என்றார். அனுமதி கிடைத்துவிட்டது.

ஆயினும் முதல் முயற்சி படுதோல்வி. அந்தத் தோல்வியை மறைக்காமல் கூறுவதே நேயர்களுக்குப் பயன்படும்.

கிறிஸ்துமஸுக்குப் பத்து நாள் முன்பு, ஒத்திகையாகக் கால் கிலோ இறைச்சி வாங்கினேன். நம் வழக்கப்படி இஞ்சி, பூண்டு, மஞ்சள், எலுமிச்சைச் சாறு, உப்பு எல்லாம் பூசி இரவு முழுதும் ஊற வைத்தேன். காலையில் இறைச்சி நீர் விட்டு நசநசவென்று இருந்தது. கடையில் வாங்கிய ரஸ்கைப் பொடித்து, அதன்மேல் உள்ளங்கையால் அழுத்தி அழுத்தி ஒட்டினேன். அரை மணி நேரம் தட்டில் கிடந்தது. பின், எண்ணெயைச் சிக்கனமாகக் கரண்டியளவு ஊற்றி, நான்கு துண்டுகளையும் ஒரே சட்டியில் நெருக்கி வைத்தேன். போர்வை பாதி சட்டியில் தங்கியது; மீதி கறுத்தது; உள்ளே இறைச்சி வேகவில்லை. தேறிய இரண்டு துண்டுகளை அடுக்குப் பாத்திரத்தில் வைத்து மூடி எடுத்துச் சென்றேன். பத்து அடி நடப்பதற்குள் அதுவும் ஊறிய ரொட்டியாகிவிட்டது. சாச்சா ஒரு துண்டைத் தின்றுவிட்டு, “நன்றாகத்தான் இருக்கிறது” என்றார். மரியாதைக்குச் சொல்லும் சொல்லை எவரும் அறிவர்.

அன்றிரவே அவர் மகளுடன் தொலைபேசியில் பேசினேன். நான் செய்ததைச் சொல்லச் சொல்ல அவள் சிரித்தாள். “பையா, நீங்கள் குழம்புக்குச் செய்வதை எல்லாம் இதற்குச் செய்துவிட்டீர்கள். இதற்கு வேண்டியது ஈரம் அன்று, உலர்வு” என்றாள். அந்த ஒரு சொல்லில் முழு வித்தையும் அடங்கியிருக்கிறது. அவள் கூறியவற்றையும், நான் பிறகு செய்து கண்டவற்றையும் முறையாகக் கீழே தருகிறேன்.

முதலில் பெயரைப் பற்றிச் சிறிது. ஜெர்மன் மொழியில் ‘ஷ்னிட்ஸ்’ என்றால் வெட்டிய துண்டு. ‘ஷ்னிட்ஸல்’ என்றால் சிறு துண்டு. இவ்வகையில் புகழ் மிக்கது ஆஸ்திரியத் தலைநகரான வியன்னாவின் ‘வீனர் ஷ்னிட்ஸல்’. அது கன்றின் இறைச்சியால் ஆவது. ராடெட்ஸ்கி என்ற படைத்தலைவர் இத்தாலியின் மிலான் நகரிலிருந்து இதனை வியன்னாவுக்குக் கொண்டுவந்தார் என்று ஒரு கதை வழங்குகிறது. ஆராய்ந்தோர் அதற்கு ஆதாரமில்லை என்று தள்ளிவிட்டனர். ஜெர்மனியில் ஓர் உணவு விடுதி ‘வீனர் ஷ்னிட்ஸல்’ என்று எழுதிவிட்டால் கன்றிறைச்சியே கொடுக்க வேண்டும். பன்றியாயின் ‘வியன்னா முறை ஷ்னிட்ஸல்’ என்றோ, பன்றியினது என்று வெளிப்படையாகவோ எழுத வேண்டும் என்பது விதி. உண்பவன் தான் உண்பது இன்னதென்று அறிந்திருக்க வேண்டும் என்னும் இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது.

நால்வருக்கு வேண்டிய பொருள்கள்: எலும்பும் கொழுப்பும் நீக்கிய பன்றி இறைச்சி 600 கிராம், மைதா மாவு 100 கிராம், முட்டை 2, பால் ஒரு மேசைக்கரண்டி, ரொட்டித் தூள் 200 கிராம், உப்பு, மிளகுத் தூள், பொரிக்க நெய்யும் எண்ணெயும் சேர்ந்து ஏறத்தாழ அரை லிட்டர், எலுமிச்சம்பழம் ஒன்று.

இறைச்சியைத் தேர்ந்தெடுத்தல்: பின்தொடையின் உட்புறச் சதை இதற்குச் சிறந்தது. முதுகுச் சதையும் ஆகும். ஆனால் அது கொழுப்புக் குறைந்ததாகையால் சற்று அதிகம் வெந்தாலும் வறண்டுவிடும். சதையின் இழை எந்தப் பக்கம் ஓடுகிறதோ அதற்குக் குறுக்காக வெட்டச் சொல்ல வேண்டும். இழை நெடுகிலும் வெட்டினால் தின்னும்போது நாராக இழுக்கும். ஒரு துண்டு 150 கிராம் எடையும் ஒரு சென்டிமீட்டர் கனமும் இருக்கலாம்.

தட்டுதல்: துண்டைத் தூய பிளாஸ்டிக் தாள் இரண்டின் நடுவே வைத்து, அடி தட்டையான கனத்த சிறு பாத்திரத்தால் நடுவிலிருந்து ஓரம் நோக்கித் தட்ட வேண்டும். கனம் ஐந்து மில்லிமீட்டர் ஆகும்வரை தட்டலாம். கோபத்தைக் காட்டக் கூடாது. இறைச்சி கிழிந்தால் சாறு ஒழுகும். முள் வைத்த சுத்தி வேண்டா. எங்கும் ஒரே கனமாக இருப்பதுதான் நோக்கம். அவ்வாறிருந்தால்தான் போர்வை பொன்னிறமாகும் அதே நேரத்தில் உள்ளும் வெந்திருக்கும். ஓரத்தில் வெண்ணிறச் சவ்வு இருந்தால் இரண்டு மூன்று இடங்களில் கத்தியால் கீறிவிட வேண்டும். இல்லையேல் சூட்டில் சவ்வு சுருங்கித் துண்டு கிண்ணம்போல் வளைந்துவிடும்.

ரொட்டித் தூள்: இதில்தான் என் தாயார் என்னைக் கரையேற்றினார். ஜெர்மானியர் வெண்ணிறச் சிறு ரொட்டிகளை நன்றாக உலரவைத்துப் பொடிப்பர். நம் ஊர் ரஸ்கிலும், கடை ரொட்டி சிலவற்றிலும் இனிப்பு சேர்ந்திருக்கிறது. சர்க்கரை விரைவில் கருகும். ஆகவேதான் என் முதல் போர்வை கறுத்தது. கொல்லைப்புறத்தில் நான் விழிப்பதைக் கண்ட தாயார், இனிப்பில்லாத பாவ் ரொட்டி வாங்கி வரச் சொன்னார். அதனைப் பிய்த்துப் போட்டு இரண்டு நாள் வெயிலில் காயவைத்துத் தம் கையாலேயே உரலில் இடித்துச் சலித்துக் கொடுத்தார். மாவாகவும் அன்றி, கல்லாகவும் அன்றி, ரவை போல் இருந்தது. “ரொட்டிக்கு ஏது தீட்டு?” என்றார்.

மூன்று போர்வை: மூன்று அகன்ற தட்டுகள் வேண்டும். முதலாவதில் மாவு, இரண்டாவதில் பால் சேர்த்து முள்கரண்டியால் இலேசாகக் கலக்கிய முட்டை, மூன்றாவதில் ரொட்டித் தூள். இறைச்சியின் ஈரத்தைத் துணியாலோ தாளாலோ ஒற்றி எடுத்துவிட்டு, அப்போதுதான் இரு புறமும் உப்பும் மிளகும் தூவ வேண்டும். முன்னரே உப்பிட்டால் அது இறைச்சியின் நீரை வெளியே இழுக்கும்.

பிறகு மாவில் புரட்டி, மிகுதியை உதறிவிட வேண்டும். மாவு, எஞ்சிய ஈரத்தை உறிஞ்சி முட்டை பற்றிக்கொள்ள இடம் கொடுக்கிறது. முட்டையில் தோய்த்து, வழிவதை வடியவிட வேண்டும். கடைசியில் ரொட்டித் தூளில் இட்டு, மேலேயும் தூளை அள்ளித் தூவி, மெல்லப் புரட்டினால் போதும். அழுத்தக் கூடாது. எது ஒட்டுகிறதோ அதுவே போதுமானது.

ஏன் அழுத்தலாகாது? சூடான நெய்யில் விழுந்தவுடன் இறைச்சியிலும் முட்டையிலும் உள்ள நீர் ஆவியாகிறது. முட்டை இறுகி ஒரு தோல் போல் ஆவதால், ஆவி அதனை உள்ளிருந்து உப்பச் செய்கிறது. நம் பூரி உப்புவதைப் போன்றதே இதுவும். போர்வை அலை அலையாக எழுந்து இறைச்சியினின்று சற்றே விலகி நிற்பதுதான் நல்ல ஷ்னிட்ஸலுக்கு அடையாளம். அழுத்தி ஒட்டியது உப்பாது. போர்த்திய துண்டைக் காத்திருக்கவும் விடக் கூடாது. தூள் ஈரத்தை உறிஞ்சிக் களியாகிவிடும். ஆகவே நெய் காய்ந்த பிறகே போர்வையைத் தொடங்குங்கள்.

பொரித்தல்: ஜெர்மானியர் இதற்கு ‘புட்டர்ஷ்மால்ட்ஸ்’ என்ற ஒன்றை உயர்வாகச் சொல்கின்றனர். வெண்ணெயை உருக்கி, நீரையும் பால் கசண்டையும் நீக்கியது அது. கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அது நம் நெய்யின் உடன்பிறப்பே அன்றி வேறென்ன? வெண்ணெயாகவே வைத்தால் கசண்டு கருகும். உருக்கி எடுத்தால் மிகுந்த சூட்டையும் தாங்கும். இதனைத் தாயாரிடம் சொன்னபோது, “அவர்களும் நெய் காய்ச்சத் தெரிந்தவர்கள்தான் போலும்” என்று கூறி, தாம் உருக்கிய நெய்யிலிருந்து ஒரு கிண்ணம் எடுத்துக் கொடுத்தார். முழுதும் நெய்யாக இருப்பின் செலவு மிகும். எண்ணெய் மூன்று பங்கும் நெய் ஒரு பங்கும் சேர்த்தால் மணமும் கிடைக்கும், கையும் கடிக்காது.

அகன்ற சட்டியில் ஒரு விரற்கடை உயரம் நெய்யெண்ணெய் இருக்க வேண்டும்; துண்டு மிதக்க வேண்டும். சூடு 170 பாகை சென்டிகிரேடு அளவு. அளவுகோல் இல்லாதோர் மரக்கரண்டியின் காம்பை உள்ளே நிறுத்திப் பார்க்கலாம். அதனைச் சுற்றிச் சிறு குமிழிகள் விறுவிறுவென எழுந்தால் பக்குவம். புகைந்தால் மிகை. ஒரே நேரத்தில் ஒன்று, மிஞ்சினால் இரண்டு. நெருக்கினால் சூடு தாழ்ந்து, போர்வை நெய்யைக் குடிக்கும். துண்டை நம்மை விட்டு அப்புறமாகச் சாய்த்து இட வேண்டும். சட்டியை மெல்ல அசைத்தோ, கரண்டியால் சூடான நெய்யை அள்ளி மேலே ஊற்றியோ வந்தால் மேற்புறமும் உப்பும். ஒரு பக்கம் இரண்டு அல்லது மூன்று நிமிடம். பிறகு திருப்பி அதேயளவு. கரண்டியால் குத்தாதீர்கள். எதிர்பாராமல் எண்ணெய் தீப்பற்றினால் நீர் ஊற்றவே கூடாது. மூடியால் மூடி அடுப்பை அணைக்க வேண்டும்.

எடுத்ததும் தாளின்மேலோ கம்பித் தட்டின்மேலோ வடியவிட வேண்டும். ஒன்றன்மேல் ஒன்று அடுக்கவும் வேண்டா, மூடவும் வேண்டா. மூடினால் ஆவி உள்ளேயே நீராகி மொறுமொறுப்பைக் கொன்றுவிடும் என்பதை என் அடுக்குப் பாத்திரம் எனக்குக் கற்பித்தது.

இனி, கவனமாகக் கேட்க வேண்டிய ஒன்று. பன்றி இறைச்சியை அரைவேக்காட்டில் உண்பது ஆபத்து. 1860இல் ஜெர்மனியின் டிரெஸ்டன் நகரில், இறந்துபோன ஓர் இளம் பணிப்பெண்ணின் தசையில் ஸெங்கர் என்னும் மருத்துவ அறிஞர் நுண்புழுக்களைக் கண்டார். அவள் உண்ட பன்றி இறைச்சி வழியே அவை புகுந்தன என்பதும் தெளிவாயிற்று. பின்னர் ருடால்ஃப் ஃபிர்ஹோ என்ற பேரறிஞர் வற்புறுத்தியதன் பயனாக, இறைச்சியை நுண்ணோக்காடியால் சோதிக்கும் வழக்கம் அந்நாட்டில் பரவிற்று.

நம் நாட்டில் அஞ்ச வேண்டியது நாடாப்புழு. வேகாத இறைச்சியில் அதன் இளம்பருவம் இருந்தால், உண்டவர் குடலில் புழு வளரும். அவர் மலத்தின் வழி வெளிப்படும் முட்டைகள் நீரிலும் கீரையிலும் கலந்து பிறர் வயிற்றை அடைந்தால், மூளையில் கட்டிகளாகத் தங்கி வலிப்பு நோயை உண்டாக்கும். பன்றி இறைச்சியைத் தொட்டும் பாராதவருக்கும் இந்நோய் வருவது இவ்வாறே. ஆகவே சோதனைக்கு உட்பட்ட, தூய்மையாக வளர்த்த வெண்பன்றியின் இறைச்சியை நம்பத்தக்க கடையில் வாங்குங்கள். உட்புறம் சிவப்பு சிறிதும் இன்றி, சாறு தெளிவாக வரும்வரை வேகவையுங்கள். உட்சூடு 70 பாகையைத் தாண்டினால் அச்சமில்லை. ஐந்து மில்லிமீட்டர் துண்டுக்கு அது எளிது. பச்சை இறைச்சி பட்ட பலகையிலும் கத்தியிலும் காய் நறுக்காதீர்கள். கையைச் சோப்பிட்டுக் கழுவுங்கள். காய்களையும் கீரையையும் எந்நாளும் நன்கு அலசுங்கள்.

ஷ்னிட்ஸலுடன் எலுமிச்சைத் துண்டு ஒன்றும், உருளைக்கிழங்குக் கலவையும் வைப்பது வழக்கம். ஜெர்மனியின் வடபகுதியில் கிழங்கோடு முட்டையும் எண்ணெயும் கடைந்த மயோனேஸ் சேர்ப்பர். தென்பகுதியில் காய்ச்சிய சாறும் காடியும் ஊற்றுவர். பின்னது நம் நாவுக்கு இசைவானது. ஒரு கிலோ கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சூடு ஆறுமுன் உரித்து, மெல்லிய வில்லைகளாக நறுக்க வேண்டும். பொடியாக அரிந்த வெங்காயம் ஒன்று, உப்பு, மிளகு, அரைத்த கடுகு ஒரு தேக்கரண்டி, காடி மூன்று மேசைக்கரண்டி ஆகியவற்றைக் கால் லிட்டர் சூடான காய்கறிச் சாற்றில் கலந்து கிழங்கின்மேல் ஊற்றி அரை மணி நேரம் விட வேண்டும். கிழங்கு சாற்றைக் குடித்த பிறகே எண்ணெய் மூன்று கரண்டி சேர்க்க வேண்டும். முதலில் எண்ணெய் விட்டால் அது கிழங்கின்மேல் படர்ந்து சாறு உட்புகாமல் தடுத்துவிடும்.

ஊருக்கு ஊர் வேறுபாடும் உண்டு. மியூனிக் நகரத்தார் போர்வைக்குக் கீழே கடுகு விழுதும் காரமான குதிரை முள்ளங்கியும் பூசுவர். ‘பெர்லின் ஷ்னிட்ஸல்’ என்பது பசுவின் மடியால் ஆனது என்றால் வியப்பீர்கள். வறுமைக் காலத்துச் சிக்கனம் அது. ‘வேடன் ஷ்னிட்ஸல்’ என்பதற்கு மேற்கே காளான் குழம்பு. பழைய கிழக்கு ஜெர்மனியிலோ அப்பெயருக்கு, இறைச்சிக்குப் பதில் தடித்த தொத்திறைச்சி வட்டத்தைப் பொரித்துத் தக்காளிக் குழம்போடு தந்தனர். எதுவாயினும், மொறுமொறுப்பான போர்வையின்மேல் குழம்பை ஊற்றுவது பாடுபட்டதைப் பாழாக்குவதாகும். குழம்பைப் பக்கத்தில் வைப்பதே முறை.

கிறிஸ்துமஸ் நாள் நண்பகல். கொல்லைப்புறத்து அடுப்பைச் சாச்சாவின் முற்றத்திற்கே மாற்றிவிட்டேன். பத்து அடி தூரமும் வேண்டா என்று. முதல் துண்டு நெய்யில் விழுந்து, போர்வை அலையாக எழுந்தபோது என் மூத்த மகன் கைதட்டினான். சாச்சாவின் கைபேசியில் அவர் மகள் முகம் தெரிந்தது. அவளுக்கு அப்போது காலைப் பொழுது. இரவுப் பணி முடித்து வந்திருந்தாள். பெரியவர் எலுமிச்சையைப் பிழிந்து, ஒரு விள்ளல் எடுத்து வாயிலிட்டார். மொறுக்கென்ற ஓசை அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். “பாபா, எப்படி?” என்றாள். அவர் உடனே விடை சொல்லவில்லை. இன்னொரு விள்ளல் தின்றார். பிறகு, “உப்புக் குறைவுதான். ஆனால் நல்ல சாப்பாடு. நீ பட்டினி கிடக்கவில்லை என்று தெரிகிறது” என்றார். அவள் சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தாள்.

இன்னொன்றையும் சொல்லி முடிக்கிறேன். உருளைக்கிழங்குக் கலவையை என் தாயார்தான் செய்திருந்தார். இலையில் மூடிக் கொண்டுவந்து முற்றத்தில் வைத்துவிட்டுத் திரும்பிவிடுவார் என்று எண்ணினேன். சாச்சா ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். தாயார் சற்று நின்றார், பிறகு அமர்ந்தார். இறைச்சியின் பக்கம் பார்க்கவில்லை. தாம் கொண்டுவந்த கிழங்கைத் தம் தட்டில் எடுத்துவைத்து உண்டார். இடையில் விக்கல் வந்தது. சாச்சா ஒரு சொம்பு தண்ணீரை நீட்டினார். வாங்கிப் பருகினார்.

நேயர்கள் இதனைச் செய்து பார்த்து, வந்த குறைகளையும் மறைக்காமல் எழுதுங்கள். கோழியிலும் பனீரிலும் செய்தவர் அனுபவத்தை அறிய ஆவலாக இருக்கிறேன். அடுத்த இதழில் வேறோர் அண்டை வீட்டு அடுப்பங்கரையில் சந்திப்போம். வணக்கம்.